நூற்புழுவும் வேர்ச் செல்சுவரும்: நெய்வேலிப் பகுதிப் பயிர்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தாவர ஒட்டுண்ணி நூற்புழுக்கள் வேரின் செல்சுவரைக் கரைத்து உட்புகுகின்றன என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. உட்புகுந்த பின் அதே சுவரைத் தாவரத்தைக் கொண்டே தம் தேவைக்கேற்பக் கட்டவைக்கின்றன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இவ்விரு செயல்களின் வேறுபாட்டையும், கடலூர் மாவட்டம் நெய்வேலியைச் சுற்றியுள்ள செம்மணற்பாங்கான நிலத்திலும் நெல் வயலிலும் அவ்வேறுபாடு பயிர்ப் பாதுகாப்பில் பெறும் இடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நூற்புழு, வேர்முடிச்சு, செல்சுவர், பெக்டின், லிக்னின், பேருருச் செல், நெய்வேலி.

முன்னுரை

நெய்வேலியின் பெயர் பழுப்பு நிலக்கரியோடு இணைந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருள், 1956இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றக் காரணமாயிற்று. அக்கரி பெரும்பாலும் மரத்தின் செல்சுவரே. புதையுண்ட காட்டின் செல்லுலோஸ் காலப்போக்கில் நுண்ணுயிர்களுக்கு இரையாக, எளிதில் சிதையாத லிக்னின் உருமாறி எஞ்சி நின்றது. மண்ணுக்கடியில் பல இலட்சம் ஆண்டுகள் அழியாமல் இருக்கும் ஆற்றல் தாவரச் சுவருக்கு உண்டு என்பதற்குச் சுரங்கமே சான்று.

அதே நிலத்தின் மேற்பரப்பில், ஒரு சாண் ஆழத்திற்குள், 0.4 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் உயிர் உயிருள்ள தாவரத்தின் சுவரைச் சில மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. மெலாய்டோகைனி இனத்தைச் சார்ந்த வேர்முடிச்சு நூற்புழுவின் இரண்டாம் பருவ இளம்புழு அது. கண்ணுக்குத் தெரியாது, ஊறுபட்ட பயிர் மட்டுமே தெரியும். அப்பயிர் நண்பகலில் வாடி மாலையில் நிமிர்கிறது, இலை வெளிறுகிறது, காய் சிறுக்கிறது. இவை யாவும் நீர்க்குறைவின் அறிகுறிகளும் ஆகும். நிலத்தடி நீர்மட்டம் பற்றிய கவலை எப்போதும் பேச்சில் இருக்கும் ஒரு பகுதியில், வாடிய கத்தரிச்செடியைக் கண்டவர் தண்ணீரையோ உரத்தையோ கூட்டுவது இயல்பு. வேரினுள் நீர்க்குழாயே உருக்குலைந்திருக்கும்போது இரண்டாலும் பெரும்பயன் விளைவதில்லை. உழவருக்குச் செலவு மிகுகிறது. அடுத்த பருவத்திற்கு மண்ணில் முட்டையும் மிகுகிறது.

தமிழகத்திற்கு இப்புழு புதியதன்று. இந்தியாவில் இதைப் பற்றிய முதற்பதிவே நீலகிரியின் தேவாலாவில், தேயிலை வேரில், 1901இல் சி. ஏ. பார்பர் செய்தது. பின்னாளில் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்கப் பணியால் புகழ்பெற்ற அதே பார்பர்தான் இவர்.

வேர்ச் செல்சுவரின் அமைப்பு

வளரும் வேர்ச் செல்லின் முதன்மைச் சுவர் மெல்லியது. அதன் சட்டகம் செல்லுலோஸ் நுண்ணிழைகளால் ஆனது. அவ்விழைகளை ஹெமிசெல்லுலோஸ் பிணைக்கிறது. இரண்டிற்கும் இடையே களிபோல் நிரம்பியிருப்பது பெக்டின். அடுத்தடுத்த இரு செல்களை ஒட்டிவைக்கும் இடைத்தட்டு பெரும்பாலும் பெக்டினால் ஆனது. செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்துக்கு அதனை ஒப்பிடலாம். கத்தரி, தக்காளி, நிலக்கடலை போன்ற இருவித்திலைத் தாவரங்களின் முதன்மைச் சுவரில் பெக்டின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நெல் உள்ளிட்ட புல்லினங்களில் அது மிகக் குறைவு. அரபினோசைலன் என்னும் ஹெமிசெல்லுலோஸ் அங்கே மிகுதி.

சில செல்களில் இச்சுவர் லிக்னினால் இறுகுகிறது. வேரின் நடுவிலுள்ள நீர்க்குழாய்களான சைலம் அத்தகையது. நடுத்தண்டைச் சூழ்ந்துள்ள அகத்தோலும் காஸ்பேரியன் பட்டை என்னும் லிக்னின் வளையத்தைப் பெற்றுள்ளது. லிக்னினைச் சிதைக்கும் நொதி வேர்முடிச்சு நூற்புழுவிடம் இருப்பதாக அறியப்படவில்லை. ஆதலால் அகத்தோல் அதற்கு மதில். அம்மதிலை அது இடிப்பதில்லை, சுற்றிப்போகிறது. இளம்புழு வேர்நுனிக்குச் சற்று மேலே புகுந்து, புறணிச் செல்களின் இடைவெளி வழியே கீழ்நோக்கி நுனிவரை சென்று, அகத்தோல் இன்னும் உருவாகாத ஆக்குத்திசுவில் திரும்பி, நடுத்தண்டினுள் மேல்நோக்கி ஏறுகிறது. மேலிருந்து கீழே, பின் கீழிருந்து மேலே என்னும் இந்த வளைந்த பயணம் பார்வைக்கு வீண்சுற்றாகத் தோன்றினாலும், லிக்னின் படியாத ஒரே வாயில் அதுவே.

முதற்கட்டம்: வழி திறத்தல்

நூற்புழுவின் வாயில் ஸ்டைலெட் எனப்படும் உட்புழையுள்ள ஊசிமுள் உள்ளது. உணவுக்குழாயை ஒட்டி மூன்று சுரப்பிகள் உள்ளன. ஒன்று முதுகுப்புறத்தது, இரண்டு வயிற்றுப்புறத்தவை. வேருக்குள் நகரும் காலத்தில் வயிற்றுப்புறச் சுரப்பிகளே ஓங்கிச் செயற்படுகின்றன. அவற்றின் சுரப்பு ஊசிமுள் வழியே சுவரில் பாய்கிறது. இடம்பிடித்து உண்ணத் தொடங்கியதும் அவை தளர்ந்து, முதுகுப்புறச் சுரப்பி பெருக்கிறது. இந்தச் சுரப்பி மாற்றத்தை, பின்னர் விளக்கப்படும் இரு கட்டங்களுக்கு இடையிலான எல்லையாகக் கொள்ளலாம்.

விலங்கு ஒன்று செல்லுலோஸைத் தானே கரைக்க இயலாது, குடலிலுள்ள நுண்ணுயிரே அதைச் செய்ய வேண்டும் என்பது நெடுங்காலம் நிலவிய கருத்து. மாடு வைக்கோலைச் செரிப்பதும் அவ்வாறே. 1998இல் உருளைக்கிழங்கின் பொன்னிறக் கூடுருவாக்கும் நூற்புழுவிலும் சோயா கூட்டு நூற்புழுவிலும் செல்லுலேஸ் மரபணுக்கள் அவற்றின் சொந்த மரபுத்தொகுதியிலேயே இருப்பது காட்டப்பட்டது. அத்தகைய முதல் ஆய்வுகளுள் இது ஒன்று. முன்னதாகிய பொன்னிற நூற்புழு தமிழகத்திற்கு நன்கு அறிமுகமானது. 1961இல் உதகமண்டலப் பகுதியில் எப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் கண்டறிந்தது முதல் நீலகிரி உருளைக்கிழங்கு உழவர்கள் அதனோடு போராடி வருகின்றனர். 2004இல் இதே புழுவில் எக்ஸ்பான்சின் என்னும் புரதமும் கண்டறியப்பட்டது. எக்ஸ்பான்சின் எதையும் வெட்டுவதில்லை. செல்லுலோஸ் இழைக்கும் ஹெமிசெல்லுலோஸுக்கும் இடையிலுள்ள பிணைப்பை நெகிழ்த்துகிறது. முடிச்சை அறுப்பதற்கு முன் தளர்த்துவது போன்றது இது. தளர்ந்த சுவரில் ஏனைய நொதிகள் எளிதில் வேலைசெய்கின்றன.

2008இல் வெளியான மெலாய்டோகைனி இன்காக்னிட்டாவின் மரபுத்தொகுதி ஆய்வு, இப்புழு சுமந்துள்ள கருவிகளின் முழுப்பட்டியலைத் தந்தது. தாவரச் சுவரைச் சிதைக்கும் நொதிகளுக்குரிய மரபணுக்கள் மட்டும் 61. அவற்றுள் பெக்டேட் லையேஸ் 30, செல்லுலேஸ் 21, சைலனேஸ் 6. எஞ்சியவை பிற வகை. எக்ஸ்பான்சின் போன்ற புரதங்கள் இக்கணக்கில் சேரா. இவற்றுள் பெக்டினைக் கரைப்பவையே பெரும்பான்மை என்பது தற்செயலன்று. கூட்டு நூற்புழுக்கள் செல்களைக் குத்திக் கிழித்து, அவற்றின் ஊடாகவே செல்பவை. வேர்முடிச்சு நூற்புழுவோ செல்லைக் கொல்லாமல், இரு செல்களுக்கு இடையிலுள்ள பெக்டின் சாந்தைக் கரைத்து நுழைகிறது. செல் இறந்தால் தாவரம் விழித்துக்கொள்ளும். தான் தங்கப்போகும் வீட்டின் சுவரைப் பெயர்க்காமல் சந்து வழியே வருவது இதற்கு நன்மை.

இம்மரபணுக்கள் பலவற்றின் நெருங்கிய உறவுகள் பிற விலங்குகளில் இல்லை. மண் பாக்டீரியாக்களில் உள்ளன. தொல்பழங்காலத்தில் பாக்டீரியாவிலிருந்து நூற்புழுவின் மூதாதைக்குள் இவை இடம்பெயர்ந்தன என்பதே இன்று பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். பெற்றோரிடமிருந்து வழிவழியாக வாராமல், பக்கத்து உயிரிடமிருந்து பெற்ற சொத்து இது.

இரண்டாம் கட்டம்: கட்டவைத்தல்

நடுத்தண்டை அடைந்த இளம்புழு நகர்வதை நிறுத்துகிறது. தலைக்கு அருகிலுள்ள சில செல்களைத் தேர்ந்து ஊசிமுள்ளால் துளைக்கிறது. ஆனால் செல்லின் உட்சவ்வைக் கிழிப்பதில்லை. இதன்பின் நிகழ்வதைச் சிதைவு என்னும் சொல்லால் விளக்க முடியாது. அச்செல்களின் உட்கரு பிரிகிறது, செல் பிரிவதில்லை. மீண்டும் மீண்டும் இவ்வாறே நிகழ்ந்து ஒரு செல்லில் நூறு உட்கருக்கள்கூடச் சேரும். செல் எல்லாத் திசையிலும் பெருத்து, இயல்பான நடுத்தண்டுச் செல்லைப் போல் பல நூறு மடங்கு பருமனடைகிறது. பேருருச் செல் எனப்படும் இவை ஒரு புழுவைச் சுற்றிப் பொதுவாக ஐந்து முதல் ஏழு வரை அமைகின்றன.

ஒரு செல் இவ்வளவு பெருக்க வேண்டுமானால் அதன் சுவர் ஒரே நேரத்தில் நெகிழவும் வேண்டும், புதிதாகப் படியவும் வேண்டும். நெகிழாவிட்டால் பெருக்காது, படியாவிட்டால் வெடித்துவிடும். இங்கே வேலைசெய்பவை பெரும்பாலும் தாவரத்தின் சொந்தப் புரதங்கள். புழு தாக்கிய தக்காளி வேரில் தக்காளியின் எக்ஸ்பான்சின் மரபணுவும், புகையிலை வேரில் புகையிலையின் செல்லுலேஸ் மரபணுக்களும் தூண்டப்படுவது காட்டப்பட்டுள்ளது. இவை இயல்பாக வேர் நீளவும் கனி பழுக்கவும் தாவரம் வைத்திருக்கும் கருவிகள். புழு அவற்றைக் கொணரவில்லை, ஏவுகிறது.

பெருத்த சுவர் சீராகத் தடிப்பதும் இல்லை. சைலக் குழாயை ஒட்டிய பக்கத்தில் சுவர் உள்நோக்கி விரல்விரலாக மடிந்து வளர்கிறது. அம்மடிப்புகளைத் தழுவிச் செல்சவ்வும் விரிவதால் அதன் பரப்பு மிகுந்து, நீரும் கனிமமும் விரைந்து உட்புகுகின்றன. தாவரம் தன் உணவு கைமாறும் சில இடங்களில் இயல்பாகவே இத்தகைய கடத்துசெல்களை அமைப்பதுண்டு. அத்திட்டத்தையே புழு தனக்காக வேண்டாத இடத்தில் செயற்படுத்தவைக்கிறது.

கூட்டு நூற்புழுக்கள் இக்கட்டத்திலும் வேறு வழி. அவை தொடக்கத்தில் ஒரு செல்லைத் தேர்ந்து, அதனைச் சூழ்ந்த செல்களின் சுவர்களைப் பகுதிபகுதியாகக் கரையவைத்து, இருநூறுக்கும் மேற்பட்ட செல்களை ஒரே அறையாக இணைத்துக்கொள்ளும். இப்புழு சுரக்கும் செல்லுலோஸ் பிணைப்புப் புரதம் ஒன்று, தாவரத்தின் பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் நொதியோடு இணைந்து செயற்படுவது அராபிடாப்சிஸ் செடியில் 2008இல் கண்டறியப்பட்டது. புழுவின் புரதமும் தாவரத்தின் நொதியும் ஒரே சுவரில் கைகோப்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

பேருருச் செல்களைச் சூழ்ந்த திசுக்களும் பிரிந்து பெருக்கும்போது, வெளியே முடிச்சு தெரிகிறது. உள்ளே சைலக் குழாய்கள் வளைந்தும் துண்டுபட்டும் போகின்றன. நண்பகல் வாட்டத்தின் காரணம் இதுவே. பெண்புழு பேரிக்காய் வடிவில் பருத்து, சில நூறு முட்டைகளைப் பசைப்பையில் இடுகிறது. வெப்பமான மண்ணில் ஒரு தலைமுறை ஏறத்தாழ ஒரு மாதத்தில் முடிகிறது. ஒரு கத்தரிப் பருவத்தில் பல தலைமுறைகள் இடம்பெறும்.

நெல் வயலில் வேறொரு கதை

நெய்வேலியின் மேற்கிலும் வடக்கிலும், விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கங்களில் காணும் செம்மணற்பாங்கான நிலத்தில் முந்திரி, பலா, நிலக்கடலை, காய்கறி விளைகின்றன. மண்துகள்களுக்கு இடையே காற்றும் ஈரப்படலமும் சேர்ந்திருக்கும் இம்மண் வேர்முடிச்சு நூற்புழு நகர்வதற்கு ஏற்றது. தெற்கிலும் கிழக்கிலும் நிலம் களிப்பாங்காகி நெல் தொடங்குகிறது. சுரங்கத்திலிருந்து வெளியேற்றப்படும் நீர் பரவனாறு வழியே வாலாஜா ஏரியையும் பெருமாள் ஏரியையும் அடைந்து பாசனத்திற்குப் பயன்படுகிறது.

நீர் தேங்கிய நெல்வயலுக்குரிய புழு கிர்ஷ்மேனியெல்லா ஒரைசே என்னும் நெல்வேர் நூற்புழு. இது எவ்விடத்தும் தங்குவதில்லை. புறணியினூடே செல்லைத் துளைத்து உண்டு நகர்ந்துகொண்டே இருக்கும். பேருருச் செல்லும் இல்லை, முடிச்சும் இல்லை. பின்னால் எஞ்சுவது வெற்றிடமும் பழுப்புக் கோடும். முற்கூறிய இரு கட்டங்களுள் முதலாவது மட்டுமே இதனிடம் உண்டு. இதன் மரபணுக்களிலும் செல்லுலேஸ், சைலனேஸ் வகைகள் இடம்பெற்றுள்ளன. அரபினோசைலன் மிகுந்த புல்லினச் சுவரில் வாழும் புழுவிற்குச் சைலனேஸ் பயன்படுவது வியப்பன்று. இலையில் தனித்த அறிகுறி இல்லாததால் இதன் சேதம் தழைச்சத்துக் குறைவாகவே எண்ணப்பட்டுவிடுகிறது. மணிலா அகத்தியைப் பசுந்தாள் உரமாக இட்டு மடக்கி உழுவது இப்புழுவைக் குறைப்பதாகச் செனகல் நாட்டு ஆய்வுகள் காட்டின. பசுந்தாள் உரமாக அச்செடி தமிழக உழவர்க்கு ஏற்கெனவே பழக்கமானது.

நெல்லுக்கும் ஒரு வேர்முடிச்சு நூற்புழு உண்டு, மெலாய்டோகைனி கிராமினிக்கோலா. வேர்நுனியைக் கொக்கிபோல் வளைத்துவிடுவது இதன் அடையாளம். நீர் நின்ற வயலில் புதிதாக வேருக்குள் புக இதனால் இயலாது. ஆயினும் முடிச்சினுள்ளேயே முட்டையிட்டு, பொரித்த புழுக்கள் அதே வேரில் பரவும். நீர் வடிந்ததும் வெளியே வந்து தாக்கும். நீரைச் சேமிக்கும் நோக்கில் நேரடி விதைப்பும் காய்ச்சலும் பாய்ச்சலுமான பாசனமும் பரவும் இடங்களில் இதன் வாய்ப்பும் கூடுகிறது. அம்முறைகளைக் கைவிட இது காரணமாகாது. நாற்றங்கால் மண்ணை முன்கூட்டி ஆய்ந்துகொள்ளப் போதிய காரணம்.

மண்வெப்பமும் எதிர்ப்புத்திறனும்

தாவரமும் சும்மா இருப்பதில்லை. தாக்கப்பட்ட இடத்தில் காலோஸையும் லிக்னினையும் சுவரில் படியவைத்து வழியை அடைக்க முயல்கிறது. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகக் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், தயமின் தெளிக்கப்பட்ட நெல்லின் வேரில் லிக்னின் படிவு தூண்டப்பட்டு, கிராமினிக்கோலா புழுவின் தாக்கம் குறைந்தது. சுவரைக் காப்பது மருந்து தேடுவதற்கு இணையான ஒரு வழி என்பதை இது உணர்த்துகிறது.

தக்காளியில் நெடுங்காலமாகப் பயன்படுவது எம்ஐ-1 என்னும் எதிர்ப்பு மரபணு. சொலானம் பெருவியானம் என்னும் காட்டு உறவுத் தாவரத்திலிருந்து 1940களில் பயிர்த் தக்காளிக்குக் கொணரப்பட்ட இது, புழு தேர்ந்தெடுக்கும் செல்களை விரைந்து இறக்கச் செய்கிறது. செல் இறந்தால் பேருருச் செல் அமையாது. புழு பட்டினியால் மடிகிறது. இரண்டாம் கட்டத்தின் வாயிலிலேயே தடுக்கும் சீரிய முறை இது. ஆனால் மண்வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இம்மரபணுவின் காப்பு தளர்ந்துவிடுகிறது. குளிர்நாட்டுப் பசுமைக்குடிலில் இது பெரிய குறையாகாது. மாசிக்குப் பிறகு நெய்வேலிச் செம்மண்ணின் மேலடுக்கு அந்த எல்லையைக் கடப்பது எளிது. விதைப்பையில் ‘நூற்புழு எதிர்ப்பு’ என அச்சிட்டிருப்பதை இப்பகுதியில் கோடைப்பயிருக்கு அப்படியே நம்பலாகாது. திண்டுக்கல் மாவட்ட ஆயக்குடிப் பகுதிக் கொய்யாவில் 2010களில் பதிவான மெலாய்டோகைனி என்டரோலோபியை இம்மரபணு எந்த வெப்பநிலையிலும் தடுப்பதில்லை. அப்புழு பெரும்பாலும் கன்றுகளின் வேர்மண் வழியே ஊர்விட்டு ஊர் செல்வது என்பதால், நாற்றுப்பண்ணையில் வாங்கும் கன்றின் வேரைப் பார்த்து வாங்குவது கட்டாயமாகிறது.

கத்தரிக்கு வேறு துணை உண்டு. வேலியோரச் செடியான சுண்டைக்காய், இன்காக்னிட்டா புழுவை நன்கு எதிர்க்கும். அதன் வேர்ச்செடியின்மேல் கத்தரியை ஒட்டுக்கட்டும் முறை தமிழகத்தில் பரவிவருகிறது. முழுத் தடை என்று இதனையும் சொல்ல இயலாது. எனினும் புழுவிற்குக் கிடைக்கும் வேர் மாறுவதால் ஆதாயம் கண்கூடானது.

கட்டுப்பாட்டின் காலம்

இவ்விரு கட்டங்களின் வேறுபாட்டிலிருந்து நடைமுறைக்குரிய ஒரு முடிவு பெறப்படுகிறது. முதற்கட்டத்தில் புழு மண்ணில் வெளிப்பட்டு, ஓரிரு வாரங்களுக்குள் வேரை அடைந்தாக வேண்டிய நெருக்கடியில் இருக்கிறது. இரண்டாம் கட்டத்தில் அது தாவரத்தின் உடலுக்குள், தாவரமே கட்டிய அறைக்குப் பக்கத்தில் காப்புடன் இருக்கிறது. வாட்டம் கண்டபின் இடப்படும் மருந்து பெரும்பாலும் காலங்கடந்ததே. முன்பு தூவப்பட்ட போரேட் குருணைக்கு இந்தியாவில் 2020 முடிவோடு தடை வந்துவிட்டது. ஆதலின் நடவுக்கு முந்திய நாள்களே கவனத்திற்குரியவை.

கோடை உழவில் மண்ணைப் புரட்டி வெயிலில் காயவிடுதல், நாற்றங்காலை ஈரப்படுத்திப் பாலித்தீன் தாளால் மூடி வெப்பமேற்றுதல், வேப்பம் பிண்ணாக்கு இடுதல் ஆகியன எளியவை. மண்வெப்பம் எம்ஐ-1 மரபணுவைத் தளர்த்தும் அதே கோடை, இங்கே உழவர்க்கு உதவியாகிறது. சூடோமோனாஸ் புளோரசன்ஸ் பாக்டீரியாவையும் பர்பூரியோசில்லியம் லிலாசினம் பூஞ்சையையும் மட்கிய எருவில் கலந்து நாற்றங்காலிலேயே இடுவது பயன்தரும். பின்னது முட்டையின் ஓட்டிலுள்ள கைட்டினைக் கரைத்து உட்புகுவது. சுவரைக் கரைத்துப் பிழைக்கும் புழுவின் முட்டைச்சுவரை இன்னோர் உயிர் கரைக்கிறது. ஊடுபயிராகச் செண்டுமல்லி நடுவதும் பழைய, பயனுள்ள வழக்கம். பழுப்பு நிலக்கரியிலிருந்து பிரிக்கத்தக்க ஹியூமிக் அமிலத்தையும் இவ்வரிசையில் கருதலாம். வாழையின் வேர்முடிச்சு நூற்புழுவில் அதைச் சோதித்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முட்டை பொரிப்பு குறைவதைக் கண்டனர். செம்மணல் நிலத்துக் காய்கறியில் இதனை முறையான வயல்வெளி ஆய்வாக நடத்திப் பார்ப்பது தகும்.

இவற்றுக்கெல்லாம் முன், வாடிய செடி ஒன்றை மண்வெட்டியால் தோண்டி, வேரை நீரில் அலசிப் பார்க்க வேண்டும். கையால் பிடுங்கினால் முடிச்சுள்ள மெல்வேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். நிலக்கடலையில் ஓர் ஐயம் எழலாம். ரைசோபியம் வாழும் நன்மை தரும் முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் உதிரும். நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. புழு முடிச்சோ வேரே வீங்கியது, தேய்த்தால் உதிராது. அறுவடைக்குப்பின் அத்தகைய வேர்களை வயலிலேயே மடக்கி உழாமல் திரட்டி எரிப்பது நல்லது. ஒவ்வொரு முடிச்சிலும் அடுத்த நடவுக்காகக் காத்திருக்கும் சில நூறு முட்டைகள் உள்ளன.